இரண்டு விநாடி மௌனம்

ஜன்னல் வெயில் கணினித் திரையில் விழுந்து கண் கூசுகிறது. டிஜே உட்காராமல், குனிந்து நின்றபடி சிடியை ஓட்டிக் கேட்கிறான். ஒரு பாட்டின் தாளம் அடுத்ததற்குள் நழுவ வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் சட்டென்று ஊமையாகிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த பாட்டு கிளம்புகிறது. அவன் குளிக்கப் போன நேரத்தில், உதவுவதாக நினைத்து, அவன் கோத்து வைத்திருந்த பாட்டுகளை அக்கா கணவர் சிடியில் எழுதிவிட்டார். பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி இடைவெளி விடும் வழக்கமான அமைப்பை அவர் மாற்றவில்லை. "ரெண்டு செகண்டுதானே மாப்ளே, யாரு கவனிக்கப் போறா?" என்று டீயை உறிஞ்சுகிறார். "சாயங்காலம் டான்ஸ் போட்டியில அக்கா காலைத் தூக்கி நிக்கிறப்போ பாட்டு நின்னா, அந்தக் காலை எங்க வைப்பா? உங்க தலையிலயா?" மிச்சமிருப்பது ஒரே ஒரு வெற்று சிடி. இடைவெளிக் கட்டத்தில் பூஜ்யத்தை அடிக்கிறான், விசைப்பலகை அதிர்கிறது. சிடி சுழலும் இரைச்சல் அறையை நிறைக்கிறது. "நான் ஏதாவது..." "மச்சான், எதையும் தொடாதீங்க." எழுதி முடிந்ததும் அதே இடத்தை ஓட்டுகிறான். தாளம் தடுக்காமல் தாண்டிப் போகிறது. மச்சான் நிம்மதியாகச் சிரிக்கிறார். டிஜே சிரிக்கவில்லை. வீணான சிடியை எடுத்து மேசையில் போட்டு, அவர் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கி, சிடியின் பளபளப்பின் மேல் நங்கென்று வைக்கிறான்.