ஊதா விளக்கு

மயூகோவின் கடைசி மேடை அது. டோக்கியோ அரங்கம் முழுக்க வெள்ளை விளக்குகள். ஐந்து பெண்கள் பாடிய அவளது குழுவில் ஆளுக்கொரு நிறம் உண்டு. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவளின் நிறத்தைக் கைவிளக்கில் வைத்து ஆட்டுவார்கள். வெள்ளை மயூகோவுக்கு. ஊதா ஒரு காலத்தில் ஷியோரிக்கு. பாடகிகள் காதலிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஷியோரி காதலனோடு நின்ற படத்தை மேலிடத்துக்கு அனுப்பியவள் மயூகோ. ஷியோரியைக் குழுவிலிருந்து துரத்தியவர்கள் அவள் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்; ஒலிப்பதிவை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. ஒன்பது வருடமாக ஷியோரியின் வரிக்கு மயூகோதான் வாயசைக்கிறாள்.

முன்வரிசையில் ஷியோரி தன் விளக்கை ஊதாவாக்கினாள்.

"கலர் மாறிப்போச்சும்மா, இன்னைக்கு வெள்ளை," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"தெரியும்."

தன் வரி நெருங்கியதும் ஷியோரி எழுந்து நின்று விளக்கை உயர்த்தினாள். ஆட்டவில்லை. மயூகோ பார்த்துவிட்டாள். மைக் மார்புக்கு இறங்கியது, உதடுகள் ஒட்டிக்கொண்டன. பாட்டு மட்டும் நிற்கவில்லை. பத்தொன்பது வயது ஷியோரியின் குரல், சுருதி பிசகாமல், மூடிய அந்த வாயைத் தாண்டி அரங்கத்தை நிறைத்தது.

ஆடிய விளக்குகள் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றன. பக்கத்து இருக்கைக்காரர் மேடையைப் பார்த்தார், ஷியோரியைப் பார்த்தார். தன் விளக்கின் பட்டனைத் தடவினார்.

"ஊதாவுக்கு எத்தனை தடவைம்மா அமுக்கணும்?"

"நாலு," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.