குழாயடித் தூண்டில்

“தம்பி, மற்றவையும் மீன் பிடிக்கத்தான் வந்து நிக்கினம்.”

சச்சிதானந்தன் குரலை உயர்த்தவில்லை. குளக்கரையில் குரலை உயர்த்துவது மரியாதையில்லை.

யேசுதாசன் திரும்பிப் பார்த்தான். “ஓம் அண்ணை, தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ இதில நிக்கிறீர்?”

“எனக்கு மத்தியானம் வேலை. மீன் கலையுமட்டும் நிண்டா பிந்திப்போடும்.”

சொல்லிக்கொண்டே அடுத்த மீனை இழுத்தான்.

சுவிஸில் டீட்டிகோன் நகருக்கு வெளியே இருக்கும் அந்தக் குளத்துக்குச் சனிக்கிழமை காலைகளில் பண்ணை லொறி வரும். தடித்த குழாய் ஒன்றின் வழியாக ட்ரவுட் மீன்களை இறக்கிவிட்டுப் போகும். தொட்டியில் வளர்ந்த மீன்கள். வந்த மயக்கம் தெளியும்வரை குழாயடியிலேயே கூட்டமாக நிற்கும். அந்த நேரம் தூண்டில் போட்டால் சின்னப் பிள்ளையும் பிடிக்கும். அதனால் அவை கலைந்து போகும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. அப்படியொரு சட்டம் இல்லை. வேட்டைக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அந்த மரியாதையெல்லாம் சச்சிதானந்தனுக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்து ஆளின் நூலுக்குக் குறுக்கே வீசமாட்டார். தூண்டில்காரர் எல்லோருக்கும் “பேட்ரி ஹைல்” என்று வாழ்த்துச் சொல்வார். குறை ஒன்றுதான், மீன் மட்டும் படாது. பெரிய மனுசனைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று மீன்களும் ஒதுங்கிப் போகின்றனவோ என்னவோ.

ஆனாலும் அண்மைக் காலமாக அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதில்லை. குளத்துக்குப் பொறுப்பான ப்ரூனர், போகிற நேரம் கூப்பிட்டு, “உங்கள் மனைவிக்கு” என்று தாளில் சுற்றிய மீன் பொட்டலத்தைக் கையில் வைப்பார்.

மனைவி நிரஞ்சினி ஒப்பரேசன் முடிந்து வந்ததிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். கடை மீன் மணக்குது என்று தள்ளிவைக்கிறாள். இந்தக் குளத்து மீனில் வைக்கும் சொதி ஒன்றுதான் அவள் தொண்டையால் இறங்குகிறது. அவள் இரண்டு கவளம் உண்பதைப் பார்க்கத்தான் சச்சிதானந்தன் கிழமை முழுக்கக் காத்திருப்பார்.

“வெள்ளைக்காரன் எல்லாருக்கும் குடுக்கமாட்டான், நிரஞ்சி. ஆளின்ர ஒழுங்கைப் பார்த்துத்தான் குடுப்பான்,” என்று பெருமையாகச் சொல்வார்.

இந்தக் கோடை தொடங்கும்போது யேசுதாசனும் ஒருமுறை மீனை நீட்டியிருந்தான்.

“அக்காவுக்குக் கொண்டுபோங்கோ, அண்ணை. சுகமில்லையெண்டு தமிழ்க்கடையில கதைச்சவை.”

“நாங்கள் சனிக்கிழமையில மச்சம் சாப்பிடுறேல்லை, தம்பி.”

அது பொய். யேசுதாசனைக் கண்ட முதல் நாளே, “ஊரில எவடம்? கடற்கரைப் பக்கமோ?” என்று கேட்டு, அவன் என்ன சாதி என்பதை அவர் அளந்து முடித்துவிட்டார். சுவிஸ் கடவுச்சீட்டை எத்தனையோ தரம் புதுப்பித்தாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் புதுப்பிக்காமலே இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு அவனோடு கதைத்துவிட்டு, சச்சிதானந்தன் அக்கரைக்குப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யேசுதாசன் தூண்டிலைச் சுருட்டினான். மீன் பையைத் தூக்கிக்கொண்டு ப்ரூனரின் மரக்குடிலுக்குள் போனான். வெறும் பையோடு வெளியே வந்து, சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

சச்சிதானந்தனுக்கு எல்லாம் விளங்கியது. ஊரில் அரசாங்கக் கந்தோர்களில் அவர் பார்க்காத வேலையா?

“இஞ்சையும் லஞ்சம் பழக்கிப்போட்டான்,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கோபத்தில் காது சுட்டது. நேரே குடிலுக்கு நடந்தார்.

“ஹெர் ப்ரூனர், அந்த யேசுதாசனை இனி இங்கே விடக்கூடாது.”

ப்ரூனர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்?”

“நாங்கள் எல்லோரும் பொறுத்து நிற்கிறோம். அவர் மட்டும் குழாயடியில் நின்று பிடிக்கிறார். அவரும் தமிழர் என்பதால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.”

“வேலைக்கு ஓட வேண்டியவர். நான்தான் சரி என்றேன்.”

“சொல்லத்தான் செய்வீர்கள்.” சச்சிதானந்தனால் அடக்க முடியவில்லை. “அவர் உங்களுக்கு மீன் கொண்டுவந்து தருகிறார். இப்போது என் கண்ணால் பார்த்தேன்.”

ப்ரூனரின் முகம் சிவந்தது. மேசையில் கிடந்த பொட்டலத்தை எடுத்து, சச்சிதானந்தனுக்கு முன்னால் வைத்தார்.

“நான் தூண்டிலைத் தொட்டே பல வருடமாகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தந்த மீன் எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?”

சச்சிதானந்தன் பொட்டலத்தைப் பார்த்தார். கை நீளவில்லை.

“உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார், நானும் சொல்லாமல்தான் இருந்தேன்,” என்றார் ப்ரூனர். “‘நான் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார், நீங்கள் கொடுங்கள்’ என்றார். ஏன் வாங்கமாட்டார் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், ஏன்?”