யார் சொன்னால் கேட்பார்?

புயல் எச்சரிக்கையை யார் குரலில் சொன்னால் ஆள் கிளம்புவாரோ, அந்தக் குரலிலேயே அரசாங்கக் கம்ப்யூட்டர் போன் செய்து சொல்லும் வழக்கம் வந்து மூன்று வருடமாகிறது. குப்பத்தில் கலியமூர்த்தி மட்டும் அசையவில்லை. முதல் புயலுக்குக் கலெக்டர் குரல் வந்தது. அவரையே திட்டிவிட்டுப் போனை வைத்தார். அடுத்ததற்கு மனைவி வேதவல்லியின் குரலே வந்தது. "அடுப்படியிலேர்ந்து எதுக்குடி போன் பண்ற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த முறை போனைக் காதில் வைத்தவர், மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டினார்.

"யாருங்க போன்ல?" என்றாள் வேதவல்லி.

"தனபாலு. தண்ணி ஏறுது, பள்ளிக்கூடத்துக்கு வந்துடு அண்ணேன்னு அழுவுறான்."

தனபால் அவருடைய தம்பி. படகைப் பங்கு பிரித்த சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம். வேதவல்லிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் வீட்டைப் பூட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் தனபால் பாய் விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

"நீ கூப்பிட்ட உடனே ஓடியாந்துட்டேன் அண்ணே."

கலியமூர்த்தி ஒரு நிமிடம் தம்பியையே பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார்.

காலையில் புயல் வேறு பக்கம் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தியின் போன் அடித்தது.

"புயல் போயிடுச்சு அண்ணே, வீட்டுக்குப் போ" என்றது தனபாலின் குரல். எதிரே தனபால் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்தி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யாரு அண்ணே?"

"ராங் நம்பர். நீ டீயைக் குடி."