தலையாட்டாத மருமகள்

மேசை மேல் திறந்திருக்கும் கணினித் திரையில் மருமகள் தலை சீவி முடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மேசைக்குக் கீழே, பாயில், அதே மருமகள் விடிய விடிய அழுத குழந்தையை அணைத்தபடி வாய் திறந்து தூங்குகிறாள். அலுவலகக் கூட்டத்தில் ஆளுக்குப் பதில் கணினி செய்த ஆளின் உருவமே உட்கார்ந்து பேசும் காலம் இது. மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. குடும்பத்தின் முகத்தைப் பொம்மைக்கு மாட்டிச் சபையில் வைப்பதா? ஆனாலும் சன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, வெயில் தூங்குகிறவர்கள் மேல் விழாமல், விறைத்த முதுகால் மறைத்துக்கொண்டிருக்கிறார். திரையில் மேலாளர் கேட்கிறார்: "ஞாயித்துக்கிழமையும் உட்கார்ந்து முடிச்சிடலாமாம்மா?" பொம்மை இனிக்க இனிக்கத் தலையாட்டுகிறது. "கண்டிப்பா சார்." மாமனார் விருட்டென்று எழுந்து மைக் பொத்தானை அழுத்துகிறார். "ஐயா, இது எங்க மருமக இல்ல. அவ இப்படி எடுத்ததுக்கெல்லாம் தலையாட்ட மாட்டா. எங்கிட்டயே ஆட்டினதில்ல!" மறைப்பு விலகியதும் வெயில் மருமகளின் இமையில் சுள்ளென்று விழுகிறது. "யார்கூட சண்டை மாமா?" "உன் பொம்மை ஞாயித்துக்கிழமைக்கு வாக்குக் குடுத்துடுச்சும்மா." "யாரைக் கேட்டுக் குடுத்துச்சு?" அவள் எழுந்து பொம்மை உருவத்தை நிறுத்திவிட்டுத் தானே திரையில் தோன்றுகிறாள், கலைந்த தலை, கன்னத்தில் பாயின் வரிகள். "சார், அன்னிக்கு முடியாது. ஏன்னு சொல்றேன், கேளுங்க." மாமனார் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி மறுபடி உட்காருகிறார். சபையில் இப்போதுதான் அவர் வீட்டு முகம் தெரிகிறது.