அழியாத காக்கை

"யாருக்கு இவ்வளவு திமிர்? எவன் கை வெச்சான் என் படத்துல?"

உணவு அறையில் அவள் போட்ட கூச்சலில் இருவர் சாப்பாட்டு டப்பாவை மூட மறந்தார்கள்.

பள்ளி நோட்டுகள் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் அவள் அட்டைப்பட ஓவியர். சொல்லை அப்படியே உருவமாக்கிக் காட்டுவது அவளது வித்தை. நாய்க்குடை என்றால் காளானை வரையமாட்டாள்; மழையில் குடை பிடித்து நடக்கும் நாயை வரைவாள். குதிரைக்கொம்பு என்றால், கண்ணாடி முன் நின்று கொம்பைப் பொருத்திப் பார்க்கும் குதிரை. பிள்ளைகள் அந்த அட்டைக்காகவே நோட்டு வாங்கினார்கள்.

அட்டையில் போட முடியாத குறும்புகளை மாலையில் உணவு அறை வெள்ளைப் பலகையில் வரைந்துவிட்டுப் போவாள். ஒரு நாள் படத்தில், மேலாளர் சங்கிலியை அவிழ்த்துக் கரடி விட்டுக்கொண்டிருந்தார். கரடியின் கழுத்தில் 'அடுத்த மாசம் புது ஃபேன்' என்ற அட்டை. இன்னொரு நாள், மேலாளரின் தங்கநிறக் கண்ணாடியை மாட்டிய முதலை ஒன்று, விடுப்பு விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்தபடியே கண்ணீர் வடித்தது.

மூன்று வாரமாக ஒரு படமும் மறுநாள் காலைவரை தங்கவில்லை. துப்புரவுப் பெண் துடைக்கிறாள் என்று பொறுத்திருந்தாள். அந்தப் பெண் நேற்றிலிருந்து விடுப்பு. ஆனாலும் முதலையைக் காணோம்.

"கத்தாதடி," என்றாள் பைண்டிங் அக்கா. "நம்ம ஆமாஞ்சாமிதான். ஈரத்துணியும் கையுமா நின்னாரு. என் கண்ணால பார்த்தேன்."

ஆமாஞ்சாமி என்பது தலைமைக் குமாஸ்தாவுக்கு ஊழியர்கள் சூட்டிய பட்டம். மேலாளர் தும்மினாலும் "ஆமாங்க சார்" என்பவர். அவளது ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்துவிட்டது. வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் கையில்தான் இருந்தது. பத்து நாட்களாக அதைச் சுமந்துகொண்டு மேலாளர் அறைக்குள் போகிறார், அசடு வழியச் சிரிக்கிறார், கையெழுத்தில்லாமல் திரும்புகிறார்.

"என் வேலைக்கு உலை வைக்கிறதும் இந்த மனுஷன்தான்க்கா!"

நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"அடுத்தவங்க உழைப்பை அழிக்கிறீங்களே, கை கூசல சார்?"

காதில் பேனா செருகியிருந்த அவர் நிமிரவில்லை. "பலகை சுத்தமா இருந்தா நல்லதும்மா."

"பலகைக்கா, உங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான். ரெண்டு நாளைக்குக் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்."

"எங்க அப்பாகூட என்னை இப்படிச் சொன்னதில்ல!"

அன்று மாலை, பெட்டிகளில் முகவரி எழுதும் அழியாத மைப் பேனாவை எடுத்துக்கொண்டு பலகை முன் நின்றாள். தங்கநிறக் கண்ணாடியோடு சுழல் நாற்காலியில் ஒரு காக்கை. அதன் பின்னால், காதில் பேனா செருகிய ஒருவர், வலையை நீட்டியபடி பதுங்கிப் பதுங்கிக் காக்கா பிடிக்க வருகிறார். காக்கையின் வால் நுனியில், தன் படங்களில் அவள் வழக்கமாகப் போடும் சிறு சுழி.

"இப்ப அழிங்க, பார்ப்போம்!"

மறுநாள் காலை அவள் வந்தபோது, கக்கத்தில் கோப்பை இடுக்கியபடி அவர் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்திருந்தன. காக்கை அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

அவள் முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. மேலாளர்.

"யார் வேலை இது?"

'நான்தான். அதுக்கு என்ன இப்போ?' என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவள் தொண்டையைத் தாண்டவில்லை.

"நான்தான் சார்," என்றார் ஆமாஞ்சாமி.

"நீங்களா? ஒரு கோடு போடவே ஸ்கேல் தேடுற ஆளு!" மேலாளரின் பார்வை அவள்மேல் திரும்பியது. "யாரைக் காப்பாத்தறீங்க? எங்கே, வரைஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

அவர் பேனாவை எடுத்தார். பலகையின் மூலையில் இன்னொரு காக்கை வந்து உட்கார்ந்தது. வால் நுனியில் சுழியோடு.

மேலாளரின் முகம் கறுத்தது. "நாளையிலிருந்து கிடங்குக்குப் போயிடுங்க. என் கண்ணுல படக் கூடாது."

"ஆமாங்க சார். போறதுக்கு முன்னால இதுல மட்டும் ஒரு கையெழுத்து..."

ஆத்திரத்தில் என்னவென்றுகூடப் பார்க்காமல் கிறுக்கித் தள்ளிவிட்டு மேலாளர் வெளியேறினார். ஆமாஞ்சாமி கோப்பைப் பிரித்து, மை காயாத பணி நிரந்தர ஆணையை அவளிடம் நீட்டினார்.

"இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாதும்மா."

அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் சார்."

"சொன்னா, நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும். போ, நாயோ குதிரையோ பாதியில நிக்கும். அதைப் பாரு."

"உங்களுக்கு வரையத் தெரியும்னு ஒரு நாள்கூடச் சொல்லலையே?"

அவர் சிரித்தார். "என் மேசையோட கீழ் இழுப்பறையில குடை இருக்கு. எடுத்துக் குடும்மா."

அவர் மேசைக்குப் போய் இழுத்தாள். குடைக்கு அடியில் ஒரு கட்டுத் தாள்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியிட்ட முதல் தாளில் கரடி ஒரு கோணிமூட்டையைப் போலிருந்தது. அடுத்தடுத்த தாள்களில் அதற்குக் கால் முளைத்தது, முகம் வந்தது. முதலை கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சுழி, சுழி, சுழி.

அன்றைய தேதியிட்ட கடைசித் தாளில், காக்கைக்குப் பின்னால் வலையோடு பதுங்கி வரும் அந்த மனிதரையும், காதுப் பேனாகூட விட்டுப்போகாமல், அவர் வரைந்து பழகியிருந்தார்.