கூனன் மரம்

தையல்காரி தினமும் நாயோடு நடக்கும் மண்பாதையில் நிற்கும் கிழட்டு மரங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாள். முதுகு வளைந்து நிற்பவன் கூனன். நாய் தவறாமல் காலைத் தூக்குவதும் அவனிடம்தான். இன்று அடிமரத்தை மோந்ததும் தும்மிக்கொண்டு பின்வாங்குகிறது. அவள் குனிந்து பார்க்கிறாள். வேருக்குச் சற்று மேலே, விரல் நுழையும் அளவில் மூன்று துளைகள், ஈரக் களிமண் பூசி மூடப்பட்டிருக்கின்றன. களைக்கொல்லி மருந்தின் நெடி மூக்கைத் துளைக்கிறது. “என்ன அண்ணி, காலங்காத்தால அங்க என்ன தேடுறீங்க?” மரத்தை ஒட்டிப் புதுவீடு கட்டும் கொழுந்தன் வந்து நிற்கிறான். “பட்டுப்போகுது போல, பாவம்.” அவள் அண்ணாந்து பார்க்கிறாள். ஓர் இலைகூட வாடவில்லை. பச்சைப்பசேலென்று வெயிலில் மினுங்குகிறது. “நேத்துகூட நல்லாத்தானே இருந்தான்?” என்கிறாள். நாயைத் தடவிக்கொடுக்கக் கொழுந்தன் கையை நீட்டுகிறான். நாய் அந்த விரல்களை மோந்து பார்க்கிறது, தும்முகிறது.