பூட்டு வைத்த கீபோர்டு

ஞானசெல்வத்தின் மேசையில் மூன்று வருடம் ஒழுங்காக உழைத்த ஒல்லிக் கீபோர்டுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. மனுஷன் ஏதோ ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த தடித்த கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து, அதன் இடத்தில் வைத்துவிட்டார். ஒல்லி, பக்கத்து அலமாரிக்குப் போனது.

"எனக்கு நூற்று முப்பது பட்டன். ஒவ்வொன்றையும் தட்டினால் தெருவுக்கே கேட்கும்," என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தது கடைக் கீபோர்டு. "போதாக்குறைக்குப் பூட்டும் சாவியும் உண்டு. பூட்டிவிட்டால் ஒரு எழுத்துகூட விழாது. உனக்கு?"

"எனக்கு ஏது? ஆனால் வந்த நாளாக உன்னை யாரும் பூட்டவே இல்லையே. அது சும்மா அழகுக்கு வைத்ததோ என்னவோ," என்றது ஒல்லி, ஒன்றும் தெரியாததுபோல.

கடைக் கீபோர்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞானசெல்வம் சாப்பிட எழுந்ததும், "முதலாளி! கடையில் என்னைப் பூட்டாமல் யாரும் சாப்பிடப் போனதே இல்லை!" என்று கத்தியது.

முதலாளி என்று கூப்பிட்டது அவருக்குப் பிடித்துவிட்டது. ஸ்டைலாகப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது சட்டையில் சாம்பார் கொட்டியது. சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது. சாவி எங்கே போனதென்று மெஷினுக்கே தெரியவில்லை.

வேறு வழி? ஒல்லி மறுபடி மேசைக்கு வந்தது. ஞானசெல்வம் அவசர அவசரமாகத் தட்ட ஆரம்பித்தார்.

"என்னைத் திறக்க வழி தேடுகிறாரா?" என்று கெஞ்சியது கடைக் கீபோர்டு.

சிரித்துக்கொண்டிருந்த ஒல்லி, தன்மேல் ஓடும் விரல்களைக் கவனித்தது. அதன் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"இல்லை. இரண்டு சாவியோடு வரும் கீபோர்டு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்."